மூணுவிளக்கு முக்கில் நிற்கிற கொம்பையா

கொம்பையாவை ஆஸ்பத்திரி வேனில் படுக்கப்போட்டு சாலைக்குறிச்சிக்குக் கொண்டுவந்த அன்றைக்கு, வண்டி மூணுவிளக்கு முக்கில் திரும்புகிறபோது, வெளியிலிருந்து அவருடைய குரலிலேயே ஒருத்தர், "ஏ டிரைவர் தம்பி, எடது பக்கம் பள்ளம் கெடக்கு, பாத்து ஓட்டும், உள்ள சீக்காளி படுத்திருக்காருல்லா!" என்று கணீரென்று சொன்னார். டிரைவரும் "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வண்டியை வலது பக்கம் ஒடித்தான். கொம்பையாவுக்குப் பேச்சு வரவில்லை. தொண்டையில் குழாய் போட்டு எடுத்த இடத்தில் ஒரு கட்டு இருந்தது, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அதனால் ஜன்னல் பக்கம் தலையைத் தூக்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, என்ன அது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி வடிவிடம் ஜாடையில் கேட்டார்.

"அது நீங்கதான்," என்றாள் வடிவு, தக்காளி அழுகிப்போச்சு என்று சொல்கிற மாதிரி. "ஃப்ளெக்ஸ்ல இருக்கீங்க. பேசிக்கிட்டு இருக்கீங்க. தலையை உள்ள வைங்க, காத்தடிக்கி."

ஃப்ளெக்ஸ் அங்கே எப்படி வந்தது என்றால், அதைச் சொல்வதற்கு முன்னாடி கொம்பையா யார் என்று சொல்லிவிட வேண்டும். 'கொம்பையா சவுண்ட் சர்வீஸ்' என்றால் அந்தச் சுற்று வட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. கல்யாணமோ, கோயில் கொடைத் திருவிழாவோ, சர்ச் அசன விருந்தோ, காதுகுத்தோ, குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான், மைக்கைப் பிடித்து அறிவிப்புச் சொல்வதும் அவர்தான். அப்படி ஒரு குரல் அந்த மனுஷனுக்கு. வெண்கலப் பாத்திரத்தில் கரண்டி பட்ட மாதிரி இருக்கும். ஊரில் ஒருத்தர் செத்துப்போனால், டாக்டர் சொன்னது, வீட்டார் சொன்னது எல்லாம் அப்புறம். ஆட்டோவில் குழாயைக் கட்டி, கொம்பையா மைக்கில் "இறைவனடி சேர்ந்தார்" என்று சொன்ன பிறகுதான் அந்த ஆள் செத்ததாகக் கணக்கு. அதுவரைக்கும் அடுப்பை அணைக்க மாட்டார்கள், கடையைச் சாத்த மாட்டார்கள். அப்படி ஒரு பழக்கம் ஊறிப்போய்விட்டது.

அப்படிப்பட்டவர் ஆடிக் கொடை முடிந்த கையோடு காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் நெஞ்சுக்குப் போய், நெஞ்சிலிருந்து ரத்தத்துக்குப் போய், டவுனில் பெரிய ஆஸ்பத்திரி ஐசியூவில் மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. வெளியே வராந்தாவில் வடிவும், தொழிலில் பங்காளியும் சின்ன வயசிலிருந்து கூட்டாளியுமான தவசிக்கனியும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஆவணி பிறந்தது. டாக்டர் ஒருநாள் வெளியே வந்து, எங்களால முடிஞ்சதைச் செஞ்சிட்டோம், இனி அவர் உடம்புதான் சொல்லணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் தவசிக்கனிக்குத் தொழில் புத்தி வேலை செய்தது. இந்தத் தொழிலில் எல்லாமே முன்கூட்டித்தான். கல்யாணத்துக்கு ஆறு மாசம் முன்னாடி சொல்ல வேண்டும், கொடைக்குப் போன கொடை முடிந்த அன்றைக்கே சொல்ல வேண்டும், இல்லையென்றால் சவுண்ட் செட்டும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. அடுத்தடுத்து பெரிய முகூர்த்தங்கள் வருகின்றன, ஃப்ளெக்ஸ் கடைக்காரன் மாப்பிள்ளை பொண்ணுகளை அடித்தே மாளாமல் கிடக்கிறான், நாளைக்கு ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆகிப்போனால் கொம்பையாவுக்கு ஒரு நல்ல ஃப்ளெக்ஸ்கூட இல்லாமல் போய்விடுமே என்று நினைத்து, முன்கூட்டியே அடிக்கச் சொல்லிவிட்டான். கடைக்காரன் பையன்கள் அடித்த கையோடு கொண்டுவந்து மூணுவிளக்கு முக்கில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், அது அவர்கள் வழக்கம். 'கண்ணீர் அஞ்சலி' என்று மேலே சிவப்பு எழுத்து, அதற்குக் கீழே மறைவு என்று கடைக்காரன் தானாகப் போட்ட அன்றைய தேதி. நடுவில் நீல வானம், நாலு வெள்ளைப் புறா, வெள்ளைச் சட்டையில் வாய் நிறையச் சிரிக்கிற கொம்பையா. கீழே கண்ணீர் வடிக்கிறவர்கள் வரிசையில் முதல் ஆளாக, கூலிங்கிளாஸ் போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, செத்தவரைவிட ஒரு சுற்றுப் பெரிசாகத் தவசிக்கனி.

அன்றைக்கு மத்தியானம்தான் கொம்பையா கண்ணைத் திறந்து, ஐசியூ நர்ஸ் மெர்லின் சிஸ்டரின் சுண்டுவிரலை எட்டிப் பிடித்தார்.

சேதி வந்ததும் தவசிக்கனி பதறியடித்துப் போய்க் கயிற்றை அறுத்து ஃப்ளெக்ஸைச் சுருட்டி செட்டு போடுகிற கொட்டகையில் வைத்துப் பூட்டினான். மறுநாள் விடிந்து பார்த்தால் அது முக்கிலேயே நின்றது. பிளேடு போட்டுக் கிழித்தான். விடிந்தால் தையல் தெரியாமல் நின்றது. மூன்றாம் முறை ஏணி போட்டு ஏறியபோது, "ஏல தவசி, ஒனக்கு மயக்கம் வருமே, எறங்கு கீழ, விழுந்து தொலைக்காத," என்று ஃப்ளெக்ஸே சொன்னது. தவசிக்கனி இறங்கி, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

அப்புறம் ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. முதல் நாள் கொஞ்சம் கூட்டம் கூடியது, மீன்காரி ஒருத்தி சாமி வந்து ஆடினாள், அவளை ஃப்ளெக்ஸே "ஏளா, மீனுல ஈ மொய்க்கி பாரு" என்று சொல்லி உட்காரவைத்தது. இரண்டாம் நாளே எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு பஸ் வருதா வரலையா என்று எட்டிப் பார்த்துச் சொல்வது ஃப்ளெக்ஸ்தான். காணாமல் போன ஆட்டை, காணாமல் போன சாவியை, காணாமல் போன குடிகாரனை அறிவிப்பதும் அதுதான். அனுமதியில்லாத ஃப்ளெக்ஸ் என்று அவிழ்க்க வந்த எஸ்.ஐ.யிடம், "அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா சார்?" என்று விசாரித்தது, அவர் கண்கலங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். முதலில் சாவு மாலை போட்டார்கள், அப்புறம் அது சரியில்லை என்று ரோஜா மாலை போட்டார்கள். மறைவு என்று போட்டிருந்த தேதியின் மேல் ஒருத்தர் கட்சி ஸ்டிக்கரை ஒட்டி மறைத்தார். மழை வந்தால் டீக்கடைக்காரர் தார்ப்பாயை இழுத்து அதன் தலைக்கு மேலே கட்டினார். எல்லாரும் எல்லாம் பார்த்தார்கள். ஒரு விஷயத்தை மட்டும் யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை: ஃப்ளெக்ஸ் கொம்பையாவின் இடது தோளில், யாருடையதோ நாலு விரல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொம்பையா வீடு வந்து சேர்ந்தபோது நிலவரம் இதுதான்.

பார்க்க வந்தார்கள், வராமல் என்ன? ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, சாத்துக்குடியோடு வந்தார்கள். கட்டிலில் கிடக்கிற எலும்புக்கூட்டைப் பார்த்தார்கள். தலைமுடி கொத்துக் கொத்தாய்ப் போயிருந்தது, கால் முருங்கைக்காயாய் இருந்தது, ஒரு வாய் கஞ்சி குடித்தால் ஒன்பது தடவை இருமல். "எப்படி இருக்கீரு?" என்று கேட்பார்கள். கொம்பையா உதட்டை அசைப்பார், புஸ்ஸென்று காற்று வரும், அதில் என்ன எழவு புரியும்? கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "சரி, ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி" என்று எழுந்து போய், முக்கில் நின்று ஃப்ளெக்ஸிடம், "உம்மளைத்தான் பாத்துட்டு வாரோம், பாவம், ரொம்ப மெலிஞ்சிட்டீரு" என்பார்கள். "அப்படியா, உடம்பைப் பாத்துக்கிடச் சொல்லுங்க" என்று ஃப்ளெக்ஸ் சொல்லும். அது கட்டிலில் கிடக்கிறவர் காதிலும் விழும். நாலு வீடு தள்ளித்தானே முக்கு.

மெர்லின் சிஸ்டர் வாரம் ஒருதரம் போன் பண்ணினாள், இடையில் நேராகவும் வந்தாள். ஐசியூவில் கிடந்து பிழைத்துப் போனவர்களை அப்படியே விட்டுவிடக் கூடாது என்று அந்த ஆஸ்பத்திரியில் அதற்கென்று நாலு பேரைப் போட்டிருந்தார்கள், அதில் அவள் ஒருத்தி. நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு, வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அடுக்களைக்குப் போய் என்ன சமைத்திருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்கிற ரகம். மூச்சு பழகுவதற்கான, மூணு உருண்டை கிடக்கிற பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, உறிஞ்சுங்க, உருண்டை மேலே எழும்பணும் என்றாள். தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விழுங்கச் சொல்லிக்கொடுத்தாள். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வாசல், வாசலிலிருந்து தெரு என்று நடையை வகுத்துக் கொடுத்தாள்.

கொம்பையா அவளிடம் மட்டும்தான் அந்தக் கனவைச் சொன்னார், காற்றும் ஜாடையுமாக. ஐசியூவில் கிடந்தபோது தன்னைக் கையைக் கட்டி ஒரு குழாய் ஸ்பீக்கருக்குள்ளே திணித்துவிட்டார்கள் என்றும், வெளியே ஊரே நின்று கேட்டுக்கொண்டிருந்தது என்றும், தான் கத்தக் கத்த யாரோ சவுண்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள் என்றும், இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது என்றும் சொன்னார். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லாருக்கும் இப்படி என்னமாவது ஒண்ணு வரும் அண்ணாச்சி. மருந்தும் காய்ச்சலும் சேந்து காட்டுறது. டியூப் கழண்டுரக் கூடாதுன்னு நாங்கதான் கையை மெல்லக் கட்டி வச்சிருந்தோம், அதைத்தான் மனசு இப்படிப் புடிச்சு வச்சிருக்கு. கிறுக்கு ஒண்ணும் இல்ல." அப்புறம் வடிவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவளுக்கும் சேர்த்துச் சொன்னாள். "ஐசியூவுல இருந்து யாரும் ஒரேயடியா வீட்டுக்கு வந்துருறதில்ல அக்கா. பாதி ஆளுதான் வண்டியில வாரது. மீதியை வீட்டுல உள்ளவங்கதான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வரவைக்கணும். இவருக்குக் குரல் போகல. தொண்டை நல்லாருக்கு, டாக்டர் பாத்தாச்சு. பேசப் பேசத்தான் வரும், பேசாம விட்டா அப்படியே அடைஞ்சு போயிரும். அதுனால பேச்சுக் குடுங்க. புரியலைன்னாலும் புரிஞ்ச மாதிரி பதில் சொல்லுங்க. அதுதான் இவருக்கு மருந்து."

"அதுக்கென்ன, பேசிட்டாப் போச்சு," என்றாள் வடிவு.

அன்றைக்குச் சாயங்காலம் பேசவும் செய்தாள். காலை நீட்டிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பால்காரன் தண்ணீர் ஊற்றுவது, அடுத்த வீட்டுக் கிணற்றில் பூனை விழுந்தது எல்லாம் சொன்னாள். கொம்பையா பூனை செத்துப்போச்சா என்று கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் கேட்டார். "தண்ணியா? தண்ணி வேணுமா?" என்றாள். மூன்றாம் தரம் கேட்டு இருமல் வந்து, கண் பிதுங்கி, அவர் ஓய்ந்து சாய்ந்தபோது, முக்கிலிருந்து ஃப்ளெக்ஸ், "ஏ வடிவு, பூனை செத்துட்டா பொழைச்சுட்டா?" என்று கேட்டது. அவள் சிரித்துவிட்டாள். வீடு வந்து சேர்ந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றைக்குத்தான் கொம்பையா பார்த்தார். "பொழைச்சுட்டு!" என்று இருந்த இடத்திலிருந்தே சத்தம் கொடுத்தாள். அப்புறம் தம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டு, இந்தா வாரேன் என்று எழுந்து போனவள், விளக்கு வைக்கிற நேரம்தான் திரும்பி வந்தாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் டீ முக்குக்குப் போனது. அவளைக் குற்றம் சொல்ல ஊரில் யாரும் இல்லை. கட்டின புருஷனோடுதானே பேசுகிறாள் என்றார்கள்.

தவசிக்கனியும் வந்தான். தொழில் அமோகமாக நடந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் நேரே ஃப்ளெக்ஸிடம் போய்த் தேதி சொல்லிவிடுகிறார்கள், ஃப்ளெக்ஸ் தவசிக்கனியிடம் சொல்லிவிடுகிறது, அறிவிப்புக்கு மட்டும் ஒரு நீள ஒயரை இழுத்து ஃப்ளெக்ஸ் வாய்க்கு நேரே மைக்கைக் கட்டிவிட்டால் போதும். "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத மாப்ளே," என்று கட்டிலில் கிடந்தவரின் முழங்காலைத் தட்டினான். "நல்லா ரெஸ்ட் எடு. எல்லாம் அவன் பாத்துக்கிடுதான்."

அவன். கொம்பையா அந்த ஒரு சொல்லை ராத்திரி முழுக்க மென்றுகொண்டு கிடந்தார். அடப்பாவி, சின்ன வயசில் ஒரே தட்டில் தின்ற பயல், என்னைப் பற்றி என்னிடமே அவன் என்கிறானே என்று நெஞ்சு கொதித்தது. சொல்வதற்குத்தான் சத்தம் இல்லை.

ஆனால் விடவில்லை மனுஷன். பேச ஆள் இல்லையென்றால் போகட்டும், நடக்கக் கால் இருக்கிறது என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டார். முக்குக்கு ஒருநாள் என் காலில் போவேன், அவன் முன்னாடி நிற்பேன், ஊர் இரண்டு பேரையும் ஒருசேரப் பார்க்கட்டும், எது கொம்பையா என்று அப்போது தெரிந்துவிடும், குரலும் தானாக வந்துவிடும். இதுதான் அவருடைய கணக்கு. உருண்டையை உறிஞ்சினார். ஒரு உருண்டை எழும்பியது, அப்புறம் இரண்டு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வந்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பீரோ வரைக்கும் போனார்.

பீரோ வரைக்கும் போனதுதான் வினையாய்ப் போயிற்று. நடந்து களைத்து பீரோவில் சாய்ந்தபோது கதவு திறந்துகொண்டது, சேலை மடிப்புக்குக் கீழிருந்து ஒரு போட்டோ விழுந்தது. தவசிக்கனி மகள் கல்யாணத்தில் எடுத்தது. இவ்வளவு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று, இரண்டு பேரும் சிரிக்கிற ஒரே போட்டோ அதுதான். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். இப்போது அதில் வடிவு மட்டும் நின்றாள். பட்டுச்சேலை கட்டி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கையைப் பக்கத்தில் நீட்டியிருந்தாள். கை மணிக்கட்டுக்கு மேலே கத்திரி வெட்டு. விரல்கள் இல்லை.

விரல்கள் எங்கே இருக்கின்றன என்று கொம்பையாவுக்குத் தெரியும். வேனிலிருந்து அண்ணாந்து பார்த்தபோதே பார்த்திருந்தார்.

வடிவு தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். கீழே உட்கார்ந்து போட்டோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறவரைப் பார்த்துவிட்டு, குடத்தை இறக்கி வைத்தாள்.

"நீயா குடுத்த?" என்றார். காற்றுதான் வந்தது. ஆனால் இந்த ஒரு தரம் அவளுக்குப் புரிந்தது.

"நாந்தான். தவசி அண்ணன் வந்து போட்டோ கேட்டாவ. செத்தவங்களுக்கு வைக்கிற ஃப்ளெக்ஸுல உசுரோட இருக்கவ ஒட்டி நிக்கக் கூடாதுன்னு வெட்டிக் குடுத்தேன். விரலு மட்டும் ஒங்க படத்தோட போயிட்டு."

"டாக்டர் கையை விரிச்ச பொறவா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். வடிவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதுதான் கஷ்டம்.

"அதுக்கு முந்தின நாளே."

தெருவில் ஃப்ளெக்ஸ் யாரையோ கேலி பண்ணிக்கொண்டிருந்தது, ஜனங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எம்மேல கோவப்படாதீங்க," என்றாள் வடிவு. "நீங்க பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தீங்க. நான் அந்த வராந்தாவுல சிமிண்டுத் தரையில ஒவ்வொரு நாளும் ஒங்களைச் சாகக் குடுத்தேன். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி தாலியைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியும்? போட்டோவை வெட்டுன அன்னைக்கு அழுது முடிச்சுட்டேன். மிச்சம் ஒரு சொட்டு இல்ல. அப்புறம் வந்து, பொழைச்சுட்டாருங்காவ. ஒங்களைக் குளிப்பாட்டுதேன், கஞ்சி குடுக்கேன், பீ அள்ளுதேன், ஒண்ணுலயும் கொறை வைக்கல. ஆனா ஒங்களைப் பாத்தா யாரோ ஒருத்தரு மாதிரி இருக்கு. அங்கன போயி நின்னாத்தான் எம் புருஷன் மாதிரி இருக்கு. நான் என்ன செய்ய?"

கொம்பையா போட்டோவை அவள் கையில் கொடுத்தார். அவரால் முடிந்தது அதுதான்.

அதற்குப் பிறகும் முக்குக்குப் போவேன் என்கிற வைராக்கியம் போகவில்லை பாருங்கள், இன்னும் கூடித்தான் போயிற்று. அவள் வாயால் அப்படிச் சொன்னாலும், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று நினைத்தார். புரட்டாசி முடிகிற சமயம், வெயில் தாழ்ந்த ஒரு சாயங்காலம், வடிவு டீயோடு போன பிறகு, வேட்டியை இறுக்கிக் கட்டி, நாலு கால் ஊன்றுகோலை முன்னால் வைத்து வைத்து, நாலு வீட்டைத் தாண்டினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மூச்சு வாங்கினார். முக்கில் நல்ல கூட்டம். டீக்கடை பெஞ்சில் வடிவு, அவளுக்குப் பக்கத்தில் தவசிக்கனி. கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்காரவில்லை. நேரே போய், அண்ணாந்து, தன் முகத்துக்கு முன்னால் நின்றார்.

ஃப்ளெக்ஸ் குனிந்து பார்த்தது. வாய் நிறையச் சிரித்தது. வந்தவர்களையெல்லாம் வரவேற்கிற அதே குரலில், அதே அன்போடு, "வாங்க வாங்க. யாரு, அடையாளம் தெரியலையே? ஊருக்குப் புதுசா?" என்று கேட்டது.

ஊர் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, வேடிக்கைக்குத்தான் சிரித்தது. கொம்பையா வாயைத் திறந்தார். நான்தான் கொம்பையா என்று சொல்ல நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்தார், மூணு உருண்டையும் எழும்புகிற அளவுக்கு இழுத்தார். புஸ்ஸென்று போயிற்று. திரும்பி வடிவைப் பார்த்தார். ஒரு வார்த்தை. இது எங்க வீட்டுக்காரர் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தவசிக்கனி சொன்னாலும் போதும்.

தவசிக்கனி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். வடிவு மடியில் இருந்த தம்ளரைப் பார்த்தாள். ஃப்ளெக்ஸில் அவளுடைய நாலு விரல் அந்தத் தோளில் அப்படியே இருந்தது.

"உக்காருங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க," என்றது ஃப்ளெக்ஸ். "ஏப்பா, இவருக்கு ஒரு டீ குடு."

கொம்பையா டீ குடிக்கவில்லை. வந்த வழியே திரும்பினார். திரும்புகிறபோதுதான், இத்தனை நாள் ஊரில் ஒருத்தருக்கும் தோன்றாத விஷயம் அவருக்குத் தோன்றியது. கிழித்தாலும் சுருட்டினாலும் அது ஏன் போக மாட்டேன் என்கிறது? ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், மாலை போட்டார்கள், தேதி போட்டார்கள், எல்லாம் செய்தார்கள். மைக்கில் மட்டும் யாரும் சொல்லவில்லை. சாலைக்குறிச்சியில் கொம்பையா சொல்லாமல் யாரும் செத்தது கிடையாது.

மறுநாள் மத்தியானம், தன்னிடம் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போனார். பழைய ஆம்ப்ளிஃபையரைப் போட்டார், ஃப்ளெக்ஸின் அறிவிப்புக்காகத் தவசிக்கனி தெருவுக்குத் தெரு கட்டிவிட்டிருந்த குழாய்களுக்கெல்லாம் இணைப்பைக் கொடுத்தார், மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அவருக்கு இருந்தது காற்று ஒன்றுதான். அந்தக் காற்றை அவ்வளவு குழாயும் சேர்ந்து ஊதியபோது, ஊர் முழுக்க யாரோ காதோடு காதாக ரகசியம் சொல்கிற மாதிரி இருந்தது.

"வருந்துகிறோம்... சாலைக்குறிச்சி, மூணுவிளக்கு முக்கு, சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் கொம்பையா அவர்கள்... இறைவனடி சேர்ந்தார். அன்னாரது இறுதி ஊர்வலம்... இன்று மாலை... மூணுவிளக்கு முக்கிலிருந்து புறப்படும்... என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்... தெரிவித்துக்கொள்கிறோம்."

ஃப்ளெக்ஸ் பஸ்ஸைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததாம். பாதிச் சொல்லில் நின்றுவிட்டது. கயிறு தானாக அவிழ்ந்து, முகம் குப்புறத் தெருவில் விழுந்தது.

அப்புறம் ஊர் செய்ததைப் பார்க்க வேண்டுமே! அத்தனை நாளாக நெஞ்சில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்கள். கடைகளைச் சாத்தினார்கள், அடுப்பை அணைத்தார்கள். எஸ்.ஐ. மாலையோடு வந்தார். மேளம் வந்தது, பூத்தேர் வந்தது, ஃப்ளெக்ஸைத் துடைத்து, பன்னீர் தெளித்து, தேரில் சாய்த்து உட்காரவைத்தார்கள். தவசிக்கனி மண்ணில் புரண்டு அழுதான், எம் மாப்ளே போயிட்டானே என்று மாரில் அடித்துக்கொண்டான். இவ்வளவு பெரிய சாவு அந்த ஊர் கண்டதில்லை. கொம்பையா வீட்டுக்கு வந்து, ஆளில்லாத வீட்டில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எதற்குடா இது என்று கேட்டு ஓடி வருவார் என்று வாசலையே பார்த்தார். வாசலில் நாய்கூட இல்லை.

அப்போதுதான் வடிவின் குரல் வந்தது. தவசிக்கனி யாரோ ஒருத்தனிடம் சொல்லி அவள் முன்னால் மைக்கை வைத்திருக்க வேண்டும், எல்லாக் குழாயிலும் அவள் ஒப்பாரி கேட்டது. அழுது முடித்துவிட்டேன் என்றாளே, அவள்தான். சிரித்த வாயழகை, சட்டை மடித்துவிடுகிற அழகை, முதன்முதலாகப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு வெட்கத்தில் மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ என்று உளறியதை, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதாள். அவருக்கே மறந்துபோனதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இவ்வளவு பிரியமா இவளுக்கு என்று கொம்பையா வாயில் துண்டை வைத்துக்கொண்டு குலுங்கினார். அதில் ஒரு சொட்டாவது இந்தக் கட்டில் பக்கம் சிந்தியிருக்கக் கூடாதா? தொண்டைக்குள் என்னமோ அடைத்தது, இளகியது, விட்டது.

போன் அடித்தது. அன்றைக்கு மெர்லின் சிஸ்டர் கூப்பிடுகிற நாள்.

"ஹலோ," என்றார். வெண்கலம் மாதிரி விழுந்தது சத்தம். அவரே திடுக்கிட்டுப் போனார்.

"ஹலோ, யாரு பேசுறது? கொம்பையா அண்ணாச்சி வீடுதானே?" என்றாள் அவள். பாவம், அவர் வாயிலிருந்து அவள் இந்தக் குரலை எங்கே கேட்டிருக்கிறாள். "நான் ஆஸ்பத்திரியில இருந்து மெர்லின். அண்ணாச்சி பக்கத்துல இருக்காரா?"

"நாந்தாம்மா."

போனில் ஒரு கூச்சல். யாரையோ கூப்பிட்டு, அந்தப் பதினோராம் நம்பர் கட்டில் அண்ணாச்சிக்குக் குரல் வந்துட்டு என்று கத்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! இப்பதான் அண்ணாச்சி நீங்க முழுசா வீடு வந்து சேந்திருக்கீங்க. அக்கா கேட்டாங்களா? என்ன சொன்னாங்க? குடுங்க அவங்ககிட்ட, நான் பேசணும். பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா," என்றார் கொம்பையா. "எல்லாரும் எஞ் சாவுக்குப் போயிருக்காவ."